சி.பி.ஐ., இ.டி. வந்தால் மாநில அரசு தடுக்க முடியுமா? ஒத்தக்கடை டீக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒத்தக்கடையில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தது 2004 ஜூலை 24. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து நான் இங்கே வக்கீல் குமாஸ்தா. வழக்குக் கட்டுத் தூக்குவது, மனுவுக்கு நம்பர் ஆயிற்றா என்று பார்ப்பது, வாய்தா தேதியைக் கட்சிக்காரருக்குச் சொல்வது, இதுதான் என் வேலை. சட்டம் பேசுவது என் வேலை இல்லை. ஆனால் யானைமலையைப் பார்த்தபடி ஒரு டீ குடிக்க உட்கார்ந்தால் யாராவது பேப்பரை மடித்துக்கொண்டு வந்து கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்டவற்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் பெயரில் உண்மையிலேயே வழக்கு இருந்தால் இதை மூடிவிட்டு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

போலீஸ் மாநில அரசுடையது என்கிறார்கள். அப்புறம் சி.பி.ஐ. எப்படி மதுரைக்குள் வருகிறது?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலை எடுத்தால் முதல் வரிசை பொது ஒழுங்கு, இரண்டாவது வரிசை போலீஸ். ஆக, போலீஸ் மாநிலத்துடையது என்பது சரிதான்.

சி.பி.ஐ.க்கு என்று தனியாக ஒரு சட்டம் இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறை அமைச்சகம் போட்ட ஒரு தீர்மானத்தில் பிறந்தது அது. அதிகாரத்தை எங்கிருந்து எடுக்கிறது என்றால், 1946ஆம் வருஷத்து டெல்லி சிறப்புக் காவல் படைச் சட்டத்திலிருந்து. பெயரைப் பாருங்கள், டெல்லி போலீஸ். டெல்லி போலீஸ் இன்னொரு மாநிலத்துக்குள் வந்து வேலை செய்ய வேண்டும் என்றால் அந்த மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். இந்த ஒற்றைப் பிரிவை வைத்துத்தான் நீங்கள் டிவியில் பார்க்கும் பாதிச் சண்டை.

2013 நவம்பரில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம், தீர்மானத்தில் பிறந்த இந்த அமைப்பே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாடு முழுக்க சி.பி.ஐ. வழக்கில் சிக்கியவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றே நாளில், அதுவும் ஒரு சனிக்கிழமை, அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம் தன் வீட்டிலேயே விசாரித்து அதற்குத் தடை போட்டார். அவர் ஈரோடு மாவட்டத்துக்காரர். சி.பி.ஐ. இன்றைக்கும் நடமாடுவது அந்தத் தடையைப் பிடித்துக்கொண்டுதான்.

தமிழ்நாடுதான் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டதே?

ஆமாம். 1989இலும் 1992இலும் சில வகை வழக்குகளுக்குப் பொதுவாக ஒப்புதல் தரப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டாம், வந்துகொள்ளுங்கள் என்கிற மாதிரி. அதை 2023 ஜூன் 14 அன்று தமிழ்நாடு அரசு திரும்பப் பெற்றது. அன்றைக்கு விடிவதற்கு முன்னால்தான் அமைச்சர் செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை, அதாவது இ.டி., கைது செய்திருந்தது. கோபம் ஒரு துறை மேல், கதவை அடைத்தது இன்னொரு துறைக்கு. மேற்கு வங்கம், கேரளா, பஞ்சாப், தெலங்கானா என்று ஒன்பது மாநிலங்கள் அதற்கு முன்பே இதைச் செய்திருந்தன.

ஆனால் இது பூட்டிய கதவு இல்லை, சாத்திய கதவு. மூன்று வழியில் திறக்கும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வழக்குகளை இது தொடாது. சிக்கிம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1994இலேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. அடுத்து, குறிப்பிட்ட ஒரு வழக்குக்கு மட்டும் மாநில அரசே கூப்பிடலாம். மூன்றாவது வழிதான் பெரியது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ சி.பி.ஐ. விசாரிக்கட்டும் என்று உத்தரவு போட்டால் மாநிலத்தின் ஒப்புதலே தேவையில்லை. இது 2010இல் மேற்கு வங்க வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னது. அதனால்தான் ஒத்தக்கடையில் 'சி.பி.ஐ. விசாரணை கோரி' என்று ஆரம்பிக்கும் மனுக்கள் ஓய்வதே இல்லை. நானே எத்தனையோ கட்டியிருக்கிறேன். முக்கால்வாசி தள்ளுபடி ஆகும். அது வேறு விஷயம்.

சி.பி.ஐ. வேண்டாம் என்ற அரசே மடப்புரம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்ததே, அது என்ன கணக்கு?

நியாயமான கேள்வி. திருப்புவனம் பக்கம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி 2025 ஜூன் கடைசியில் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார். மதுரைக் கிளையில் நீதிபதிகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத நிலை. ஐந்து போலீஸ்காரர்கள் கைதானார்கள். ஜூலை 1 அன்று அரசே வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. தன் போலீஸே குற்றம் சாட்டப்பட்டு நிற்கும்போது தன் போலீஸே விசாரித்தால் யார் நம்புவார்கள்?

சாத்தான்குளத்திலும் 2020 ஜூனில் இதுதான் நடந்தது. செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அப்போது வேறு கட்சி ஆட்சி, அவர்களும் சி.பி.ஐ.க்குத்தான் கொடுத்தார்கள். கொடுப்பதற்கும் சி.பி.ஐ. வந்து சேர்வதற்கும் நடுவில் தடயம் அழிந்துவிடக் கூடாது என்று மதுரைக் கிளை செய்த காரியம் எனக்கு மறக்காது: அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைத்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாசில்தார் காவல்! மத்தியமும் இல்லை, மாநிலப் போலீஸும் இல்லை, மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

கரூர் கதை இதற்கு நேர்மாறு. 2025 செப்டம்பர் 27 அன்று அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். சி.பி.ஐ. கேட்டு வந்த மனுக்களை மதுரைக் கிளை தள்ளியது. அதே நேரம் சென்னையில் இன்னொரு அமர்வு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 13 அன்று வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி, ஓய்வு பெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் மேற்பார்வைக் குழுவும் போட்டது. கரூர் மதுரைக் கிளையின் எல்லைக்குள் இருக்க, சென்னை ஏன் எடுத்தது என்றும் கேட்டது. எங்கள் ஊர் வக்கீல்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கணக்கு என்னவென்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து இதில் கொள்கை கொஞ்சம், சௌகரியம் நிறைய. ஆளும் கட்சியாக இருக்கும்போது 'நம் போலீஸ் போதும்', எதிர்க்கட்சியாகப் போனதும் 'சி.பி.ஐ. வேண்டும்'. இருபது வருஷமாக இரண்டு பக்கத்து மனுவையும் நான்தான் ஜெராக்ஸ் எடுக்கிறேன். பெயரை மாற்றினால் போதும்.

இ.டி.க்கும் மாநில அனுமதி வேண்டுமா?

வேண்டாம். அமலாக்கத் துறை 2002ஆம் வருஷத்துச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தை வைத்து வேலை செய்கிறது. அது நாடாளுமன்றம் போட்ட சட்டம். 6ஆவது பிரிவு மாதிரி கேட்டு வாங்கும் ஏற்பாடு அதில் கிடையாது. சட்டத்தைப் பொறுத்தவரை இ.டி. அதிகாரி போலீஸ் அதிகாரியே இல்லை என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அவர் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் போலீஸ் வாக்குமூலம் மாதிரி ஒதுக்கப்படாது, உங்கள் வழக்கிலேயே வந்து உட்காரும்.

ஆனால் இ.டி.க்கும் ஒரு கயிறு உண்டு. இ.டி. தானாக ஒரு வழக்கை ஆரம்பிக்க முடியாது. முதலில் வேறு யாராவது, பெரும்பாலும் மாநிலப் போலீஸ், மோசடி, லஞ்சம் என்று ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டும். அந்த மூலக் குற்றத்திலிருந்து வந்த பணம் எங்கே போனது என்று தேடுவதுதான் இவர்கள் வேலை. மூல வழக்கு ரத்தானால் இ.டி. வழக்கும் நிற்காது. செந்தில் பாலாஜி வழக்கின் மூலமே, அவர் முன்பு வேறு கட்சி ஆட்சியில் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்து வேலைவாய்ப்பு விவகாரத்தில் சென்னைக் குற்றப் பிரிவு போட்ட வழக்குகள்தான். விதை மாநிலத்துடையது, அறுவடை மத்தியத்துடையது. 471 நாள் கழித்து 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது.

மேலூர்ப் பக்கம் கிரானைட் விவகாரம் தெரியும்தானே? கீழவளவுக் குன்றுகளை அறுத்தது பற்றி மாநிலப் போலீஸ் வழக்கு, அப்புறம் உயர் நீதிமன்றம் நியமித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தின் விசாரணை, 2015இல் அறிக்கை, அதன் பின்னாலேயே இ.டி.யின் சொத்து முடக்கம். வரிசை எப்போதும் இப்படித்தான்.

விதையே போடாமல் மாநிலம் கையைக் கட்டிக்கொண்டால்? தன் சோதனையில் கிடைத்ததை எழுதி, நீங்கள் எஃப்.ஐ.ஆர். போடுங்கள் என்று 66ஆவது பிரிவின்படி இ.டி. மாநிலப் போலீஸுக்குக் கடிதம் அனுப்பும். 2025 அக்டோபரில் நகராட்சி நிர்வாகத் துறையின் 2,538 நியமனங்கள் பற்றி தமிழ்நாடு டி.ஜி.பி.க்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. கடிதத்தை வைத்துக்கொண்டு அரசியல் நடக்கும், அப்புறம் கோர்ட்டுக்கு வரும். கடைசியில் எல்லாம் கோர்ட்டுக்குத்தான் வரும்.

திண்டுக்கல்லில் இ.டி. அதிகாரியையே மாநிலப் போலீஸ் பிடித்ததே, அது செல்லுமா?

இந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் நூறு பேராவது கேட்டிருப்பார்கள். நடந்ததை முதலில் சொல்கிறேன். லஞ்ச ஒழிப்புத் துறை சொன்னபடி சொல்கிறேன், ஏனென்றால் குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு.

திண்டுக்கல்லில் ஓர் அரசு மருத்துவர். அவர் மேல் முன்பு ஒரு லஞ்ச ஒழிப்பு வழக்கு இருந்து, முடிந்தும் போயிருந்தது. 2023 அக்டோபர் கடைசியில் இ.டி.யின் மதுரை அலுவலகத்து அதிகாரி ஒருவர் அவரைக் கூப்பிட்டு, மேலிடத்திலிருந்து உங்களை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறார். மூன்று கோடி கேட்டது பேரத்தில் 51 லட்சத்துக்கு இறங்குகிறது. நவம்பர் 1 அன்று 20 லட்சம் கைமாறுகிறது. மீதியைக் கேட்டு நச்சரிக்க, மருத்துவர் நவம்பர் 30 அன்று புகார் கொடுக்கிறார். டிசம்பர் 1 காலை இன்னொரு 20 லட்சம் வாங்கியதும் அந்த அதிகாரி சிக்குகிறார்.

லஞ்ச ஒழிப்பு வழக்கில் ட்ராப், அதாவது பொறி வைத்துப் பிடிப்பது, என்ன என்று பார்க்காதவர்களுக்கு: நோட்டில் பினாப்தலின் பவுடரைத் தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் கையைச் சோடாக் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அரக்குச் சீல் வைத்துச் சாட்சிகள் கையெழுத்தோடு கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அந்த ரோஸ் வெளுத்து வெறும் தண்ணீர் மாதிரி ஆகியிருக்கும். சாட்சிக் கூண்டில் நிற்பவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, ஆமாம் இதுதான் என்பார். அதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

திண்டுக்கல்லோடு அது நிற்கவில்லை. அன்றைக்கே லஞ்ச ஒழிப்பு அதிகாரிகள் மதுரை தபால் தந்தி நகரில் இருந்த இ.டி. அலுவலகத்துக்குச் சோதனைக்குப் போனார்கள். இ.டி. அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியப் படையினர் வந்து வளாகத்தில் நின்றார்கள். வெளியே மாநிலப் போலீஸ். குடியிருப்புத் தெருவில் இரண்டு காக்கி உடை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற ராத்திரி அது. சோதனை விடியும் வரை நடந்தது. அப்புறம் இ.டி., 35 பேர் உள்ளே புகுந்து வேறு வழக்குகளின் ஆவணங்களையும் எடுத்தார்கள் என்று டி.ஜி.பி.க்குப் புகார் எழுதியது. சட்டப்படிதான் சோதனை போட்டோம் என்றது லஞ்ச ஒழிப்புத் துறை.

சரி, செல்லுமா? 1988ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டம், மத்திய அரசு ஊழியரை சி.பி.ஐ. மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. 17ஆவது பிரிவு எந்தப் பதவியில் உள்ள போலீஸ் அதிகாரி விசாரிக்கலாம் என்று மட்டும் சொல்கிறது. சி.பி.ஐ. இருக்கிறது என்பதற்காக ஊர்ப் போலீஸின் அதிகாரம் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1973லேயே சொல்லியிருக்கிறது. 17ஏ என்று ஒரு பிரிவு முன் அனுமதி கேட்கிறது. ஆனால் லஞ்சம் வாங்கும்போதே பிடித்தால் அது பொருந்தாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. ஆக, பிடித்தது செல்லும் என்பதுதான் என் புரிதல். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ராஜஸ்தானில் அந்த மாநில லஞ்ச ஒழிப்புத் துறையும் ஓர் இ.டி. அதிகாரியைப் பிடித்திருந்தது.

பிடித்தது சரி, யார் விசாரிப்பது என்பது சிக்கல். மாநிலம் விசாரித்தால், எங்கள் மேல் உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறது என்று மத்தியம் சொல்லும். சி.பி.ஐ. விசாரித்தால், தன் ஆளைத் தானே காப்பாற்றுகிறது என்று மாநிலம் சொல்லும். இரண்டுமே முழுப் பொய் இல்லை. இ.டி. உச்ச நீதிமன்றத்துக்குப் போய் சி.பி.ஐ. கேட்டது, 2024 ஜனவரியில் மாநிலத்தின் விசாரணை நிறுத்தி வைக்கப்பட்டது. மதுரைக் கிளையில் ஜாமீன் கிடைக்காத அந்த அதிகாரிக்கு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது.

திருப்பரங்குன்றத்தில் சி.ஐ.எஸ்.எஃப். எப்படி வந்தது? யார் அனுப்பியது?

டெல்லியிலிருந்து யாரும் அனுப்பவில்லை. அவர்கள் ஒத்தக்கடையிலேயே இருந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் 2015 நவம்பரிலிருந்து சி.ஐ.எஸ்.எஃப். என்கிற மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைதான் காவல். அதுவும் நீதிமன்றமே கேட்டு வாங்கியது. தினமும் காலையில் என் பையை ஸ்கேனரில் விடச் சொல்பவர்கள் அவர்கள்தான். தூக்குவாளியைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே இருக்கும் புளிச்சோற்றைப் பார்த்துவிட்டு 'சலோ' என்பார் ஒருவர். பத்து வருஷத்தில் அவர்களுக்கும் 'போங்க அண்ணே' வந்துவிட்டது.

2025 டிசம்பர் 1 அன்று, கார்த்திகை தீபத்தைத் திருப்பரங்குன்றம் மலையில் உள்ள கல்தூணில் ஏற்ற வேண்டும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். அந்தத் தூண் தர்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழக்கமாக ஏற்றுவது உச்சிப் பிள்ளையார் கோயில் பக்கம். டிசம்பர் 3 மாலை அந்தத் தூணில் தீபம் ஏற்றப்படவில்லை. உடனே நீதிபதி, மனுதாரரே பத்துப் பேரோடு போய் ஏற்றலாம், நீதிமன்றக் காவலில் உள்ள சி.ஐ.எஸ்.எஃப். பாதுகாப்புக் கொடுக்கட்டும் என்றார். அவர்கள் மலையடிவாரத்துக்கு வந்தபோது, 144 போடப்பட்டிருக்கிறது என்று சொல்லி மாநிலப் போலீஸ் விடவில்லை. மறுநாள் அந்தத் தடை உத்தரவை நீதிபதி ரத்து செய்தார். அரசின் மேல்முறையீட்டை இரு நீதிபதிகள் அமர்வு தள்ளியது. அப்புறமும் ஏற்ற விடவில்லை. எதிர்க்கட்சிக் கூட்டணி எம்.பி.க்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நீதிபதியைப் பதவி நீக்கக் கோரி மக்களவைத் தலைவரிடம் நோட்டீஸ் கொடுத்தார்கள். 2026 ஜனவரி 6 அன்று இரு நீதிபதிகள் அமர்வு சில நிபந்தனைகளோடு தனி நீதிபதியின் உத்தரவை உறுதி செய்தது.

தீபம் எங்கே ஏற்றுவது என்பதைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கு இந்த ஊரில் வேறு ஆட்கள் நிறைய. படையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சி.ஐ.எஸ்.எஃப்.பின் வேலை நீதிமன்ற வளாகத்தைக் காப்பது, அதை மலைக்கு அனுப்ப முடியாது என்றது அரசு. உத்தரவை மாநிலப் போலீஸ் நிறைவேற்றாதபோது நீதிமன்றம் வேறு யாரைக் கூப்பிடும் என்பது எதிர்க் கேள்வி. அரசின் வாதத்தில் சாரம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வாசலில் பை பார்க்கும் படையைத் தெருவுக்கு இறக்குவது பழக்கமாகிவிடக் கூடாது. ஆனால் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக்குப் போ, தடை வாங்கு. தடை வாங்காமல் 144 போட்டு நிறுத்துவதை இருபது வருஷமாகக் கோர்ட் வாசலில் நிற்கிற என்னால் ஏற்க முடியவில்லை. நாளைக்கு ஓர் ஏழை தன் நிலத்துக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு வந்தாலும் இதையே செய்வார்கள்.

என்.ஐ.ஏ.?

தேசியப் புலனாய்வு முகமை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் வந்தது. பயங்கரவாதம் போன்ற பட்டியலிட்ட குற்றங்களில் மாநில ஒப்புதல் இல்லாமலே மத்திய அரசு வழக்கை எடுத்துக் கொடுக்கலாம். மாநிலப் போலீஸ் ஆவணங்களை ஒப்படைத்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான்.

கலெக்டருக்கே இ.டி. சம்மன் அனுப்பினால் போக வேண்டுமா?

போக வேண்டும். மணல் குவாரி விவகாரத்தில் திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர், வேலூர் கலெக்டர்களுக்குச் சம்மன் வந்தது. மாநில அரசு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி, கலெக்டர்களைப் போகச் சொன்னது. அதிகாரிகளுக்காக அரசே வழக்குப் போட்டதை விநோதம் என்றது. அடுத்த வருஷமே காற்று திரும்பியது. சென்னையில் டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் 2025 மார்ச்சில் இ.டி. நடத்திய சோதனை பற்றிய வழக்கில், இ.டி. எல்லை மீறுகிறது, கூட்டாட்சி அமைப்பை மீறுகிறது என்று அப்போதைய தலைமை நீதிபதி கவாய் சொல்லி, மே 22 அன்று விசாரணைக்குத் தடை போட்டார். ஆக இந்தச் சம்மனுக்கு இதுதான் விதி என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் மாநிலங்கள் மத்திய அதிகாரிகளோடு மோதுகின்றன என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பிள்ளைகள் அங்கே இருக்கும் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி. பார்க்க ஒன்று மாதிரி இருக்கும், உள்ளே வேறு.

அங்கே மத்திய அரசின் குடியேற்ற அதிகாரிகள் ஆட்களைப் பிடிக்க வரும்போது, எங்கள் போலீஸ் உங்களுக்கு உதவாது என்று ஒரு மாநிலம் சட்டமே போடலாம். கலிபோர்னியா 2017இல் போட்டது. மாநிலப் போலீஸை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்று 1997இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உதவாமல் இருக்கலாம், தடுக்கக் கூடாது. எல்லை அதுதான். அதற்கு மேல் சண்டை முற்றினால் 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த மாதிரி, ஆளுநர் வேண்டாம் என்றாலும் அதிபர் தேசியக் காவல் படையை இறக்குவார். வழக்கு கோர்ட்டுக்குப் போகும்.

இங்கே அப்படி ஒதுங்கி நிற்க முடியாது. நாடாளுமன்றச் சட்டங்கள் நிறைவேறும்படி மாநிலம் நடக்க வேண்டும் என்று நம் அரசமைப்பின் 256ஆவது உறுப்பு சொல்கிறது. இ.டி.க்கு உதவ வேண்டியவர்கள் பட்டியலில் போலீஸ் அதிகாரிகளையும் பணப் பரிமாற்றச் சட்டமே சேர்த்திருக்கிறது. போதாததற்கு, மாவட்ட எஸ்.பி.யாக இருப்பவர் ஐ.பி.எஸ்.; தேர்வு வைத்து எடுத்தது டெல்லி, சம்பளம் கொடுப்பது சென்னை. இன்னொன்று, அங்கே மத்திய நீதிமன்றம் தனி, மாநில நீதிமன்றம் தனி. இங்கே ஒரே படிக்கட்டு. சி.பி.ஐ. போடும் வழக்கையும் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில்தான் விசாரிக்கிறார்கள்.

திண்டுக்கல் மாதிரி ஒன்று அங்கேயும் 1889இல் நடந்திருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீல்டு கலிபோர்னியாவில் ஒரு ரயில் நிலையச் சாப்பாட்டு அறையில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மேல் பழைய பகை வைத்திருந்த டெர்ரி என்பவர், அவரும் முன்னாள் நீதிபதிதான், வந்து அடித்தார். பாதுகாப்புக்கு வந்த மத்திய அதிகாரி நீகிள் சுட்டுவிட்டார், டெர்ரி இறந்தார். மாநிலம் நீகிளைக் கொலை வழக்கில் பிடித்து வைத்தது. கடமையைச் செய்த மத்திய அதிகாரியை மாநிலம் விசாரிக்க முடியாது என்று 1890இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நம்மிடமும் கடமையைச் செய்த அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும். ஆனால் காரில் பணக்கட்டு வாங்குவது கடமையில் சேராது.

என் வீட்டுக்கே வந்துவிட்டால் என்ன செய்வது?

பதறாதீர்கள், கதவையும் சாத்தாதீர்கள். அடையாள அட்டை கேளுங்கள், சோதனைக்கான உத்தரவைக் கேட்டுப் படியுங்கள், வக்கீலுக்குப் போன் போடுங்கள். பெண்களைப் பெண் அதிகாரிதான் சோதனையிட வேண்டும். என்னென்ன எடுத்தார்கள் என்று மகஜர் எழுதுவார்கள். வரிக்கு வரி பார்த்துவிட்டு நகல் வாங்குங்கள். உங்களுக்குப் புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் எழுதித் தருகிறேன் என்று சொல்லலாம். இ.டி. கைது செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். மாநிலப் போலீஸ் வந்து இவர்களை விரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அந்தச் சண்டை பெரிய வீடுகளுக்கு மட்டும்.

போனில் 'சி.பி.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்' என்றால்?

வையுங்கள் போனை. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. வீடியோ காலில் நீதிபதி மாதிரி ஒருவன் உட்கார்ந்திருப்பான், பின்னால் கொடி இருக்கும், சம்மன் மாதிரி ஒரு தாள் வாட்ஸ்ஆப்பில் வரும். உண்மையான இ.டி. சம்மனில் கியூஆர் கோடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930க்குக் கூப்பிடுங்கள்.

இந்த மோசடிகளை நாடு முழுக்க சி.பி.ஐ. விசாரிக்கட்டும் என்றும், பொது ஒப்புதல் தராத மாநிலங்களும் இதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 டிசம்பர் 1 அன்று. அதே நாள்தான் இங்கே தீப வழக்கு உத்தரவும். எங்கள் டீக்கடையில் அன்றைக்குத் தீபத்தைப் பற்றித்தான் பேச்சு. ஓரமாக உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் மட்டும் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ரெண்டு நாளா ஒருத்தன் கேமராவை அணைக்கக் கூடாதுன்னு சொல்றான். இப்போ கீழே டீ குடிக்க வந்ததுக்கு ஏதாவது செய்வானா?" அவர் கையிலிருந்து போனை வாங்கி நான்தான் அணைத்தேன்.